முட்டையிடும் காலத்தில் காகங்கள் தமக்குள் சண்டையிடுகின்றன, ஆட்களையும் தலையில் அடிக்கின்றன: கூட்டைக் கலைக்கலாமா?

மாடிப்படி

வணக்கம். மூன்று மாடிக் குடியிருப்பு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி ஒரு பெரிய மரம். அதன் உச்சிக் கவட்டில், மாடித் தளத்துக்கு ஓர் ஆள் உயரம் மேலே, சுள்ளியும் கம்பித் துண்டுமாகக் காக்கைக் கூடு. சாம்பல் கழுத்துள்ள சாதாரணக் காகம்தான், அண்டங்காக்கை இல்லை. மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது, காக்கைகளுக்குள்ளேயே நடக்கும் சண்டை. ஒன்றை மல்லாக்கத் தள்ளி இரண்டு அதன்மேல் ஏறிக் கொத்துகின்றன. சுற்றிலும் ஏழெட்டு உட்கார்ந்து கத்துகின்றன. எப்போதும் கூட்டமாகத் திரியும் பறவை தன் இனத்தையே இப்படி அடிப்பது ஏன்? நடுவில் புகுந்து விலக்கிவிடலாமா?

இரண்டாவது, பத்து நாளாக மாடிக்கு யார் போனாலும் பின்னந்தலையில் அடி விழுகிறது. குடியிருப்பவர்களில் ஒருவரை மட்டும் தெருமுனை வரைக்கும் விரட்டுகின்றன. கூடவே நடப்பவரை ஒன்றும் செய்வதில்லை.

மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி கழுவ மாடியில் ஆள் ஏற வேண்டும். கூட்டைக் கலைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். கலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இது எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடிந்தால்தான் அவர்களிடம் பேச முடியும்.

கவட்டுக்கூடு

கலைக்காதீர்கள். ஏன் என்பதை நாள் கணக்காகவே சொல்கிறேன், மற்றவர்களிடம் எடுத்துச் சொல்ல உதவும்.

நீங்கள் சொல்வது வீட்டுக்காகம். கூடு கட்டி முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். பிறகு நாளுக்கு ஒன்று வீதம் 3 முதல் 5 முட்டை. வெளிர் நீலப்பச்சை ஓட்டில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அடைகாப்பது 16, 17 நாள். பொரித்த குஞ்சு கூட்டைவிட்டு இறங்க 3 முதல் 4 வாரம். அண்டங்காக்கைக்கு இது இன்னும் நீளும்: அடை 17 முதல் 19 நாள், கூட்டில் குஞ்சு ஏறத்தாழ 5 வாரம்.

இவ்வளவு நாளும் அவை ஒரே மூர்க்கத்தில் இருப்பதில்லை. முட்டை இருக்கும்போது தாய்க்காகம் முடிந்தவரை அசையாமல் ஒளிந்து உட்காரும், தகப்பன் தூரத்திலிருந்து கரைந்து எச்சரிக்கும். அந்த ஈடு, அதாவது அந்த முறை இட்ட முட்டைகள், போனால் இன்னொரு ஈடு போட இன்னும் நாள் இருக்கிறது. குஞ்சு வளர வளர நிலைமை மாறிவிடும். ஒரு மாதம் தீனி கொண்டுவந்து கொட்டி வளர்த்ததை இழந்தால், அந்தப் பருவத்தில் மறுபடி தொடங்க நேரம் இராது. ஆகவே குஞ்சு கூட்டில் இருக்கும் கடைசி வாரமும், இறங்கியபின் முதல் ஏழு முதல் பத்து நாளும்தான் உச்சம். அடி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டரை வாரத்துக்குள்தான்.

இப்போது கலைத்தால் என்ன ஆகும்? குஞ்சு செத்துப்போகும். பருவம் மிச்சமிருந்தால் அதே ஜோடி அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ மறுபடி சுள்ளி பொறுக்கும். கணக்கு முதலிலிருந்து ஓடும். இன்னும் இரண்டு வாரத்தில் முடியவேண்டியதை இரண்டு மாதத்துக்கு இழுத்துவிட்டவர்கள் ஆவீர்கள். கலைத்தவரின் முகத்தையும் அவை மறக்காது. போதாததற்கு, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

கூடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மரம் ஏற வேண்டியதில்லை. 30 மீட்டர் தள்ளி நின்று அரை மணி நேரம் பார்த்தால் போதும், பைனாகுலர் இருந்தால் நல்லது. வாயில் சுள்ளி என்றால் கட்டுமானம். நார், மயிர், பஞ்சு என்றால் உள்ளே மெத்தை போடுகிறது, முட்டை நெருங்கிவிட்டது. ஜோடியில் ஒன்று கண்ணிலேயே படாமல், கூட்டு விளிம்பில் வால்நுனி மட்டும் தெரிந்தால் அடை. இரண்டும் மாறி மாறி வந்து போகின்றன, வரும்போது தொண்டை பை போல உப்பியிருக்கிறது, போகும்போது சில நேரம் வாயில் வெள்ளை உருண்டை ஒன்று இருக்கிறது என்றால் குஞ்சு பொரித்துவிட்டது. அந்த வெள்ளை உருண்டை குஞ்சின் எச்சம். பெற்றவை அதைக் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போட்டுக் கூட்டைச் சுத்தமாக வைக்கும். குஞ்சின் தலை விளிம்புக்கு மேல் தெரிந்து, நின்றபடி இறக்கை அடித்தால் இன்னும் ஒரு வாரத்துக்குள் கிளைக்கு வந்துவிடும்.

எது தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒற்றைச்சிறகு

காக்கைக்குக் காக்கை நடக்கும் சண்டையைப் பற்றி எழுதுகிறேன். இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இரவில் காகங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக அடையும். பகலில் சேர்ந்து இரை தேடும். ஆனால் கூடு என்று வந்துவிட்டால் ஜோடிக்கு ஜோடி எல்லை பிரிந்துவிடும். அண்டங்காக்கையும் ஐரோப்பாவில் உள்ள கேரியன் காகமும் பெரிய பரப்பையே தமதாக்கிக்கொள்ளும். வீட்டுக்காகம் அவ்வளவு கறாரில்லை. ஒரே மரத்தில் இரண்டு மூன்று கூடுகூட இருக்கலாம். ஆனால் தன் கூட்டை ஒட்டிய சிறு வட்டத்துக்குள் அயல் காகம் வந்தால் விடாது.

காரணம் கசப்பானது. காக்கை முட்டைக்கு உள்ள பெரிய ஆபத்துகளில் ஒன்று இன்னொரு காக்கை. துணையோ இடமோ கிடைக்காத இளங்காக்கைகள் கூட்டமாகச் சுற்றும். காவல் தளர்ந்த கூட்டைக் கண்டால் முட்டையையும் கண் திறக்காத குஞ்சையும் எடுத்துவிடும். கேரியன் காகத்தின் கூடுகள் தோற்றுப்போவதற்கு இது முக்கியக் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. அதனால் கூட்டருகே வரும் அயல் காகத்தை ஜோடி விருந்தாளியாகப் பார்க்காது. இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. கட்டுமானத்தின்போது சுள்ளித் திருட்டு நடக்கும். முட்டையிடும் நாட்களில் அயல் ஆண் பெட்டையிடம் வரப் பார்க்கும், அதனால் ஆண் அந்த நாட்களில் பெட்டையைவிட்டு நகராது.

சண்டைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கழுத்து மயிரைச் சிலிர்த்து, தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நடந்து நெருங்கும். அடுத்து வானில் துரத்தல். பெரும்பாலான தகராறு இங்கேயே முடிந்துவிடும். இரண்டும் விலகாவிட்டால்தான் கால்நகம் கோத்துக்கொண்டு தரையில் விழும். மல்லாந்து கிடப்பதுதான் தோற்றது என்று எண்ணவேண்டாம். கீழிருந்தபடி இரண்டு காலாலும் மேலே இருப்பதன் மார்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் இரண்டும் ஜோடியாக இருக்கும். சுற்றிக் கத்தும் ஏழெட்டும் அபாயக்குரல் கேட்டு வந்தவை. ஒன்றிரண்டு உள்ளே புகுந்து கொத்தும், மற்றவை கத்துவதோடு சரி.

விலக்கப் போகாதீர்கள். நீங்கள் குனிந்த அந்த நொடியில் அத்தனை காகங்களின் கண்ணுக்கும் விழுந்து கிடக்கும் காகத்தைப் பிடித்த ஆள் நீங்கள்தான். சண்டை பெரும்பாலும் தானாகவே ஓயும். ஓய்ந்த பின்னும் ஒன்று எழ முடியாமல் கிடந்தால் மட்டும் தலையிடுங்கள். துண்டை மேலே போர்த்தி, இறக்கையை உடலோடு சேர்த்து இரு கையாலும் தூக்கி, காற்றுத்துளை உள்ள அட்டைப்பெட்டியில் வையுங்கள். மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துப் பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். துண்டு கறுப்பாக இருக்கக் கூடாது. தூக்கும்போது காகத்தின் உடம்பு வெளியே தெரியவும் கூடாது.

சண்டை போலத் தெரிந்து சண்டை அல்லாததும் உண்டு. பெட்டை பதுங்கி உட்கார்ந்து, இறக்கையைப் படபடத்து, வாயைப் பிளந்து குஞ்சு போலக் கத்தும். ஆண் அதன் தொண்டைக்குள் அலகை விட்டு ஊட்டும். தூரத்தில் பார்த்தால் கொத்துவது போலவே இருக்கும்.

உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான். கூட்டுக்கு அருகே ஒரே இடத்தில் தீனியோ குப்பையோ குவிந்திருந்தால் அயல் காகங்கள் தினமும் வந்து சேரும், ஜோடி தினமும் சண்டை போடும். குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். யாராவது காகத்துக்குத் தீனி வைக்கிறார்கள் என்றால், கூட்டிலிருந்து பார்த்தால் தெரியாத மறுபக்கத்துக்கு அதை மாற்றச் சொல்லுங்கள்.

துரத்தப்படுவது காகம்தானா என்றும் கவனியுங்கள். ஆண் குயில் முழுக் கறுப்பு, அலகு வெளிர்பச்சை, கண் சிவப்பு. அது முன்னால் வந்து காக்கைகளை வம்புக்கு இழுக்கும், அந்த இடைவெளியில் பெட்டைக்குயில் கூட்டில் முட்டை வைக்கும். குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரித்துவிடும். வளர்வது குயில்குஞ்சு என்றாலும் காக்கை அதே மூர்க்கத்தோடுதான் காக்கும்.

கூரைமேடு

கறுப்புத் துணியில் காக்கை உருவம் செய்து, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பக்கமே வராது என்பார்கள். செலவில்லாத வழி. மாடிக்கு அது சரிப்படுமா?

முகமறி

வேண்டாம். இந்த இடத்துக்கு இது நேர் எதிரான விளைவைத் தரும்.

செத்த காக்கை உருவம் இரவில் வந்து அடையும் கூட்டத்தைச் சில நாள் கலைக்கும். அவற்றுக்கு வேறு மரம் இருக்கிறது, போய்விடும். குஞ்சு உள்ள ஜோடிக்குப் போக இடமில்லை. அந்த உருவத்தைப் பார்த்ததும் அபாயக்குரல் எழுப்பி, சுற்றுவட்டக் காகங்களை எல்லாம் அழைத்துவிடும். தொங்கவிட்டவரையும், அதன் அடியில் நின்றவரையும் அந்தக் கூட்டம் முழுதும் பார்த்து வைத்துக்கொள்ளும்.

காக்கைக் குடும்பத்துக்குக் கையில் தொங்கும் கறுப்பு என்றாலே ஆகாது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் வளர்த்த ஜாக்டா என்னும் சிறு காகங்கள் அவரோடு நன்றாகப் பழகியவை. அவரே ஒருநாள் கறுப்பு நீச்சலுடையைக் கையில் எடுத்தபோது அவர்மேலேயே பாய்ந்தன. தன் இனத்தில் ஒன்று எதிரி கையில் சிக்கியது போலத் தெரிந்ததால் வந்த வினை அது. எனவே விரட்டப்படும் அந்த ஒருவரைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டியது இதுதான்: கறுப்புப் பை, கறுப்புத் துணி, மடக்கிய கறுப்புக் குடை எதையாவது ஆட்டிக்கொண்டு மாடிக்குப் போனாரா? அடுத்தது, கல்லோ கம்போ ஓங்கினாரா? விழுந்த குஞ்சை நல்லெண்ணத்தோடு தூக்கினாரா? எது நடந்திருந்தாலும் காக்கையின் கணக்கில் அவர் எதிரிதான்.

ஆளை அடையாளம் காண்பது வெறும் நம்பிக்கை அல்ல. 2006-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்து 7 காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். பிறகு அதே முகமூடியோடு யார் நடந்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், காகங்கள் சூழ்ந்து கத்தின. வேறு முகமூடி அணிந்து அதே வழியில் நடந்தவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு நடையில் எதிர்ப்பட்ட 53 காகங்களில் 47 கத்தின. பிடிபட்டவை ஏழுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். மற்றவை பார்த்துக் கற்றவை.

ஆகவே அவர் சட்டையையோ தொப்பியையோ மாற்றிப் பயனில்லை. மூன்று வாரம் அந்த மரத்தடி வழியைத் தவிர்க்கட்டும். தவிர்க்க முடியாவிட்டால் வீட்டு வாசலிலிருந்தே, கறுப்பல்லாத நிறத்தில், குடை விரித்தபடி போகட்டும். கூட்டுக்குக் கீழே வந்தபின் விரித்தால் அது இன்னொரு மிரட்டல். நின்று நிமிர்ந்து கூட்டைப் பார்க்கவும் கூடாது. காக்கைக்கு அந்தப் பார்வையே போதும்.

மாடிப்படி

மிக்க நன்றி. இன்று காலை பார்த்ததில் இரண்டு தலைகள் விளிம்புக்கு மேல் தெரிகின்றன. இறகு முழுக்கக் கறுத்திருக்கிறது. ஒன்று விளிம்பில் நின்று இறக்கை அடித்தது. விரட்டப்படுபவர் இரண்டு வாரத்துக்கு முன் மாடியில் கறுப்புத் தார்ப்பாயை உதறியிருக்கிறார்.

தொட்டி வேலையை ஒரு வாரத்துக்கு மேல் தள்ள முடியாது. அன்று எப்படி ஏறுவது?

இன்னொன்றும் கேட்கிறேன். படிக்கட்டு அறையின் கண்ணாடி ஜன்னலை ஒரு காகம் விடிந்ததும் வந்து கொத்துகிறது. கீழே நிற்கும் வண்டிகளின் பக்கக் கண்ணாடியையும் விடுவதில்லை. இதுவும் நம்மை விரட்டத்தானா?

கவட்டுக்கூடு

விளிம்பில் நின்று இறக்கை அடித்தால் கடைசி வாரம். நீங்கள் சொல்லும் நாள் குஞ்சு இறங்கும் நாளோடு மோதும். மூன்று வாரம் தள்ள முடிந்தால் அதற்கு இணையான வழி வேறில்லை. முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள்.

அடிப்படை ஒன்றுதான்: கூட்டிலிருந்து பார்த்தால் தொட்டியில் வேலை செய்பவர் தெரியக் கூடாது. காகம் பகல் பறவை, இருட்டியபின் பாய்ந்து அடிக்காது. முந்தைய இரவு விளக்கோடு ஏறி, தொட்டிக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு கம்பம் நிறுத்தி வெளிர் நிறத் துணியையோ தார்ப்பாயையோ கட்டுங்கள். தொட்டி மேல் நிற்பவரின் தலைக்கு அரை மீட்டர் மேலே அது எட்டவேண்டும். அடி விளிம்பையும் இழுத்துக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் துணி இன்னொரு கலவரத்தைக் கிளப்பும். கறுப்புத் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம், இது உங்களுக்கே இப்போது தெரியும். கறுப்பு ரப்பர்க் குழாய், கறுப்புத் துடைப்புத்துணி இரண்டையும் அன்று மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பகலில் இரண்டு பேர் போங்கள். ஒருவர் வேலை செய்யட்டும். மற்றவர் விரித்த குடையோடு அவருக்குப் பின்னால், மரம் இருக்கும் பக்கத்தில், அவர் முதுகுக்குக் காவலாக நிற்கட்டும், முகம் மரத்தின் பக்கம் இருக்கட்டும், ஆனால் கூட்டை உற்றுப் பார்க்க வேண்டாம். காகம் பின்புறமிருந்துதான் வரும். முகம் தன் பக்கம் திரும்பியிருக்கும் ஆளை அடிக்கத் தயங்கும். வேலை செய்பவருக்குத் தாடைப்பட்டையுள்ள ஹெல்மெட்டும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அவசியம். ஒரு வீட்டுக்காகம் ஏறத்தாழ 300 கிராம்தான். பெரும்பாலும் காலால் உதைத்துவிட்டுப் போகும், அலகால் குத்துவது அபூர்வம். உண்மையான ஆபத்து ஏணியில் இருக்கிறது. இரண்டு கையும் பிடியில் இருக்கும்போது அடி விழுந்தால் ஆள் திடுக்கிட்டுக் கைவிடுவார். ஏணியைத் தொட்டியோடு கயிற்றால் கட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். 20 நிமிடம் வேலை, பிறகு படிக்கட்டு அறைக்குள் வந்து 15 நிமிடம் ஓய்வு என்று பிரித்துச் செய்யுங்கள். தொடர்ந்து நின்றால் அக்கம்பக்கக் காகங்களும் சேர்ந்துகொள்ளும்.

அடிக்கு முன் பெரும்பாலும் அறிகுறி வரும். குரல் மாறும்: சாதாரணமாக இழுத்துக் கரைவது, குறுகிய அடுக்கடுக்கான கத்தலாகிவிடும். அடுத்து நிற்கும் கிளையையே கொத்தும், இலையைப் பிய்த்துக் கீழே போடும். அது விளையாட்டல்ல, அடக்க முடியாத சினம். மூன்றாவதாகத் தலைக்கு மேல் காற்று உரசுவது போல ஒருமுறை தாழப் பறக்கும். கிளையைக் கொத்தத் தொடங்கியதுமே பின்வாங்கிவிடுங்கள். ஓடாதீர்கள். ஓடினால் முதுகு காட்டுகிறீர்கள், அதற்கு வேண்டியதும் அதுதான். மரத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வாசலுக்கு வாருங்கள்.

குடை இல்லாமல் துணி உலர்த்த இரண்டு நிமிடம் போகிறவர்கள் ஒரு கையை நேர்மேலே தூக்கி அசைக்காமல் வைத்துக்கொள்ளட்டும். தாழப் பாயும் பறவைக்கு இறக்கை எதிலாவது பட்டுவிடுமோ என்ற கவலை உண்டு. நீட்டிய கை அதற்குக் குறுக்கே நிற்கும் கம்பு. கையை வீசினால் பலன் போய்விடும், அது சண்டைக்கு அழைப்பு.

கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, கிருமிநாசினி தடவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், காக்கை நகத்தால் வராது. கண்ணில் பட்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கசக்காமல், அழுத்தாமல், சுத்தமான எதையாவது கவிழ்த்து மூடியபடி நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

முகமறி

கண்ணாடி விஷயம்: அது உங்களை விரட்ட அல்ல. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எல்லைக்குள் புகுந்த அயல் காகம் என்று எண்ணிக் கொத்துகிறது. மேலே ஒற்றைச்சிறகு சொன்ன அதே எல்லைச் சண்டைதான். வித்தியாசம் என்னவென்றால், இந்த எதிரி ஒருநாளும் பின்வாங்காது. இது அடிக்க அதுவும் அடிக்கும், இது தலை தாழ்த்த அதுவும் தாழ்த்தும். அதனால்தான் நாள் தவறாமல் வருகிறது. விடியலில் வருவதற்கும் காரணம் உண்டு: உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்ற நேரத்தில் பிரதிபலிப்பு தெளிவாக விழும்.

உட்பக்கம் திரைச்சீலை போட்டால் பலனில்லை. கரிய திரை போட்டால் இன்னும் மோசம், கண்ணாடி முழு ஆடியாகிவிடும். வெளிப்பக்கத்தில்தான் பிரதிபலிப்பை உடைக்க வேண்டும். கெட்டியான சோப்புக் கரைசலைப் பூசி உலரவிடுங்கள், அல்லது வெளியே காகிதம் ஒட்டுங்கள். அது வழக்கமாக நிற்கும் விளிம்பிலிருந்து ஒரு முழ உயரம் மறைத்தாலே போதும், ஜன்னல் முழுதும் வேண்டாம். வண்டியின் பக்கக் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டிக் கட்டிவிடுங்கள். குஞ்சுகள் தனியாக இரை தேடத் தொடங்கியதும் இது தானாக நின்றுவிடும்.

தத்திநடை

இன்னும் சில நாளில் உங்களுக்கு வரப்போகும் கேள்விக்கு முன்கூட்டியே பதில். குஞ்சு தரையில் கிடக்கும். உடனே யாரோ ஒருவர் தூக்க ஓடுவார். அவர்தான் அடுத்த விரட்டப்படும் ஆள்.

உடம்பெல்லாம் இறகு மூடி, வால் குட்டையாக, கண் நீலம் கலந்த சாம்பலாக, வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக, தத்தித் தத்தி நடந்தால் அது விழுந்த குஞ்சல்ல, இறங்கிய குஞ்சு. பறக்கப் பழகுகிறது. சில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் இருக்கும், பெற்றவை அங்கேயே வந்து ஊட்டும். தொடாதீர்கள். நாயையும் பூனையையும் அப்புறப்படுத்தினால் அதுவே பெரிய உதவி. அந்த இடத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, ஒரு வாரம் ஆட்களை வேறு வழியில் அனுப்புங்கள்.

வண்டி போகும் இடத்தில் நின்றால் மட்டும் நகர்த்துங்கள். ஒருவர் குடை பிடிக்க, மற்றவர் வெளிர் நிறத் துண்டால் தலையோடு மூடித் தூக்கி, அருகிலேயே 2 மீட்டர் உயரக் கிளையிலோ அடர்ந்த புதரிலோ விட்டு உடனே விலகட்டும். 10 மீட்டருக்குள் என்றால் பெற்றவை குரலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

இறகு வராத, வயிற்றுத் தோல் வெறுமையாகத் தெரியும் குஞ்சு என்றால் கதை வேறு. அது தரையில் பிழைக்காது. அடியில் துளையுள்ள சிறு கூடையில் காய்ந்த நார் பரப்பி, கூட்டுக்கு எவ்வளவு அருகில் கட்ட முடியுமோ அங்கே கட்டி, குஞ்சை வைத்துவிட்டு மறைவில் நின்று இரண்டு மணி நேரம் பாருங்கள். பெற்றவை வராவிட்டால் வனவிலங்கு மீட்பவர்களிடம் கொடுங்கள். பாலும் ரொட்டியும் கொடுக்காதீர்கள்.

ஒற்றைச்சிறகு

முகமறி சொன்னதில் ஒரு சிறு திருத்தம். குஞ்சு இறங்கியபின் கூட்டைச் சுற்றி இருந்த எல்லை குஞ்சோடு நகரும். நேற்று வரை அமைதியாக இருந்த வாசலில் இன்று அடி விழும், ஏனென்றால் குஞ்சு அங்கே ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மரத்தடியை மட்டும் தவிர்த்தால் போதாது. காலையில் குஞ்சின் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு அன்றைய வழியைத் தீர்மானியுங்கள். மூக்கால் அழுவது போன்ற மெல்லிய குரல், தீனி வாயில் விழுந்ததும் களகளவென்று மாறும். ஒருமுறை கேட்டால் பிடிபட்டுவிடும்.

அடுத்த பருவத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. குஞ்சுகள் இடத்தைவிட்டுப் போய், கூடு வெறுமையாகி மூன்று வாரம் ஆனபின் மாடிப்பக்கம் நீண்டிருக்கும் அந்தக் கவட்டுக் கிளையை மட்டும் மரம் வெட்டத் தெரிந்தவரைக் கொண்டு கழிக்கலாம். மரத்தின் மறுபக்கத்தைத் தொடாதீர்கள். ஜோடி அதே மரத்துக்கு மறுபடி வரக்கூடும், மாடிக்கு எதிர்ப்புறம் கட்டிக்கொண்டால் இருவருக்கும் தொல்லையில்லை. மாடியில் கிடக்கும் கம்பித் துண்டு, உடைந்த கம்பி ஹேங்கர் எல்லாவற்றையும் கூடு கட்டும் பருவத்துக்கு முன் அள்ளிவிடுங்கள். அந்தக் கம்பியோடு அவை மின்கம்பத்தில் கூடு வைத்தால் மின்கசிவும் துண்டிப்பும் வரும். அங்கே யாரும் ஏறக் கூடாது, மின்வாரிய ஆட்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாடிப்படி

குடியிருப்போர் குழுவில் நாள் கணக்கோடு சொல்லியாகிவிட்டது. கூட்டைக் கலைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். மாடிக்கதவில் அறிவிப்பு ஒட்டி, வெளிர்நீலக் குடைகள் இரண்டைப் படிக்கட்டு அறையில் வைத்திருக்கிறோம். திரைத்துணிக்கு அளவெடுத்தபோது ஒரு ஐயம்: தொட்டியின் மேல்மட்டம் தளத்திலிருந்து 2 மீட்டர், அதன்மேல் ஆள் நின்றால் மொத்தம் 3.8 மீட்டர் ஆகிறது. அவ்வளவு உயரத்துக்குத் துணி காற்றில் நிற்குமா?

கவட்டுக்கூடு

நிற்காது, முயலவும் வேண்டாம். தொட்டிமேல் ஆள் நிற்கவே தேவையில்லாதபடி செய்யுங்கள். நீரை முன்பே வடித்துவிட்டு, தொட்டியின் மேல்மட்டம் இடுப்பளவுக்கு வரும்வரை மட்டும் ஏணியில் ஏறி, நீண்ட பிடியுள்ள தூரிகையால் வாய்வழியே தேய்க்கலாம். அப்போது தலை 3 மீட்டருக்கு மேல் போகாது, துணி 3.5 மீட்டர் போதும். காற்றுப் பிடிக்காமல் இருக்கத் துணிக்குப் பதில் நிழல்வலை கட்டுங்கள், பச்சையோ வெள்ளையோ, இரட்டையாக மடித்து. கம்பம் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் கயிறிட்டுக் கைப்பிடிச் சுவரில் இழுத்துக் கட்டுங்கள். வேலை முடிந்தாலும் வலையை அன்று பகலில் அவிழ்க்காதீர்கள், இருட்டியபின் அவிழுங்கள்.